சீமை எலிகளுக்குக் காவல் தேடிய கதை

மூவாரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவர என் மனைவி ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"திரும்பி வரும்போது ரெண்டும் உயிரோட இருக்கணும்."

ரெண்டும் என்று அவள் சொன்னது எங்கள் வீட்டுச் சீமை எலிகளை. வாலில்லாத, கொழுகொழுவென்ற, ஆளுக்கு ஒரு பெரிய மாங்காய் அளவு இருக்கும் பிராணிகள். ஒன்று வெள்ளை, இன்னொன்று பழுப்பு. காலடிச் சத்தம் கேட்டால் எண்ணெய் போடாத தள்ளுவண்டி மாதிரிக் கீச்சிடும். தின்னும், கீச்சிடும், தூங்கும். ஜப்பான்காரன் காலத்து மலாக்காவில் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தவை அந்த இரண்டு ஜீவன்கள்தான் என்று நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் ஒரு வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். அவர் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர் இவற்றைக் கூண்டோடு தூக்கிவந்து எங்கள் மகனிடம் கொடுத்தார். மகனுக்கு அப்போது நான்கு வயது. மறு வருடம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. ஆறாம் நாள் போய்விட்டான். இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் எங்கிருந்தோ ஒரு வேடிக்கை வந்து பேனா முனையில் நிற்கிறது. ஆகவே விட்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு என் மனைவி என்னிடம் பேசியதெல்லாம் ஒரு கையில் அடங்கும். "சாப்பிடுங்க." "கதவைச் சாத்துங்க." "மழை வருது." அழவும் இல்லை. காலையில் எழுந்து சாலையோரம் போய்ப் புல் அறுத்துவந்து கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும். வெள்ளையிடம் ஒரு பேச்சு, பழுப்பிடம் ஒரு பேச்சு. சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமை என்று சொல்ல முடியாது. அதற்கெல்லாம் உள்ளே ஏதாவது வேலை செய்ய வேண்டும். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அதுபோல எனக்கு ஆள் முழுக்க மரத்துப் போயிருந்தது.

அவள் இளைத்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவளைப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்.

"மருந்து என்கிட்ட இல்ல கிராணி. இருந்தாலும் இதுக்கு மருந்து கிடையாது. எங்கயாவது கடல் காத்துப் படற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மலாக்காவுலயே கடல் இருக்கே?"

"அவங்க வேற கடலைப் பாக்கணும். நீங்க வேற ஜோக்கு சொல்லணும். உங்க ஜோக்கும்தான் பழசாயிடுச்சு."

நான் நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் ஜப்பானிய அதிகாரி நான் குனிந்து வணங்கிய விதத்தில் என்ன கண்டாரோ, பத்து நாள் விடுப்புக்கும் மூவார் போய்வரும் பாஸுக்கும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். இவ்வளவு பெரிய காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிறகுதான் சின்னக் காரியம் என் கழுத்தைப் பிடித்தது. சீமை எலிகளை யாரிடம் விடுவது?

சமாதான காலமாக இருந்தால் யாரிடமும் விடலாம். அப்போது நிலைமை வேறு. அரிசி கண்ணில் படாத காலம். மரவள்ளிக்கிழங்குதான் காலையும் மாலையும். ஊரில் புறாக்கள் கூரையில் இறங்குவதை நிறுத்திவிட்டிருந்தன. மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் பசித்த நல்லவர்கள்.

முதலில் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல மனிதர். என் மகனைத் தூக்கிக்கொண்டு போனபோது கூட வந்தவர்.

"பத்து நாள்தானே, வச்சுக்கிறேன். புல்லு போதும்ல?"

"போதும்."

"ஒவ்வொண்ணும் ரெண்டு ராத்தல் வருமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே பேசுகிற குரலில், "மிளகு வேற கிடைக்கறதில்ல" என்றார்.

மிளகு கிடைக்காத காரணத்தால் மட்டும் உயிர் தப்பக்கூடிய இடத்தில் அவற்றை விட முடியாது.

அடுத்து எங்கள் வரிசையில் நாலாவது வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கர். பரம்பரைச் சைவம். முட்டை உடைந்த சட்டியைப் பார்த்தாலே குளிக்கப் போகிறவர். இவரை விட்டால் ஆள் ஏது என்று கூண்டைத் தூக்கிக்கொண்டே போய்விட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது எலி சாதியா, முயல் சாதியா?"

"எலி, ஐயா. சுத்தமான எலி." நான் அவசரமாகச் சொன்னேன்.

"முகத்தைப் பாத்தா முயல் மாதிரித் தெரியுது."

"சைவத்துக்கு ரெண்டும் ஒண்ணுதானே ஐயா?"

உள்ளேயிருந்து கருவாடு சுடும் வாசனை வந்தது. நாங்கள் இருவரும் அந்த வாசனை வராததுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "வீட்டுல அவளுக்கு உடம்பு சரியில்ல, டிரஸ்ஸர்தான் சாப்பிடச் சொன்னாரு" என்றார். நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் உதட்டோரம் எண்ணெய் மின்னிக்கொண்டிருந்தது.

புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. என் பயம் எனக்கே கேவலமாக இருந்தது. ஜப்பான்காரன் ஊரெல்லாம் ஆட்களை லாரியில் ஏற்றி வடக்கே தண்டவாளம் போட அனுப்புகிறான். சந்தியில் நிற்கிற காவல்காரனுக்குச் சரியாகக் குனியாவிட்டால் பல் போகும். அதற்கெல்லாம் நடுங்காத நான், இரண்டு எலிகளை நினைத்து, நின்றால் வேர்த்து, உட்கார்ந்தால் எழுந்து, சட்டைப் பித்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். சொன்னேனே, எனக்குள் எதுவும் வேலை செய்யவில்லை. பயம் மட்டும் இரண்டு ஆள் வேலை செய்தது.

காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த இடத்துக்கு அடுத்தாற்போல் மலாக்காச் செட்டிகளின் வீடுகள். நம்மைப் போலவே கும்பிடுகிறவர்கள், பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். பேச்சு மட்டும் அவர்களுக்கு மலாய். அம்மன் திருவிழாவுக்குக் கொடியேறி இரண்டு நாள் ஆகியிருந்தது. அங்கே ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருப்பதைப் பார்த்தேன். அந்த வீட்டு அக்கா கையில் காப்பு கட்டியிருந்தார். திருவிழா முடியும்வரை அந்த வீட்டில் கத்தியில் இரத்தம் படாது, சட்டியில் மீன் வேகாது. ஊரிலேயே ஒரு சீமை எலிக்கு இதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

அதோடு நான் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததில், திருவிழா முடிந்த மறுநாளுக்கு மறுநாள்தான் நாங்கள் திரும்புவோம். நடுவில் ஒரு முழு நாள் இடிக்கிறது. காப்பு அவிழ்ந்து, பத்து நாள் விரதமிருந்த வயிறுகள் எழுந்து நிற்கிற நாள். அதற்கு என்ன செய்வது? என் மூளை அப்போது ஒரு யோசனை சொன்னது. என் மூளை எனக்குச் செய்த உபகாரங்களில் அதைப் போல் இன்னொன்று இல்லை.

நூலை மஞ்சளில் தோய்த்து, வெள்ளையின் கழுத்தில் ஒன்று, பழுப்பின் கழுத்தில் ஒன்று கட்டினேன். மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான். அவர் பேச்சில் சாமி, காப்பு போன்ற சில சொற்கள் மட்டும் தமிழாக வந்து விழும். மற்றதை நான் தமிழாக்கித் தருகிறேன்.

"பத்து நாள் பாத்துக்கணும் அக்கா. சும்மா பிராணி இல்ல. அம்மனுக்கு நேர்ந்து விட்டது."

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். துணியை விலக்கி மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவர் உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் கூண்டை வாங்கினார். அவருடைய மூன்று பெண்களும் வரிசையாக நின்று என் எலிகளைக் கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இரட்டைப் பூட்டு போட்டாயிற்று என்று விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மூவாருக்குக் கரியில் ஓடும் பஸ். மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். ஆற்றைப் படகில் கடந்தால் ஊர். மைத்துனர் தையல்காரர். மச்சான் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ளே என்பார். தைக்கத் துணி இல்லாததால் பழைய சட்டைகளைத் திருப்பிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று நாள் என் மனைவி ஆற்றுமுகத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்தேன். நாலாம் நாள் மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். ஆறாம் நாள் அண்ணியின் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். ஏழாம் நாள் மாலை, நான் கேட்காமல், அவளாகவே பேசினாள்.

"ஊருக்குப் போனதும் கூண்டுக்குப் புதுசா ஒரு பலகை போடணும். பழுப்பு கடிச்சு வச்சிருக்கு."

போனதும். போடணும். ஒன்றரை வருடத்தில் அவள் வாயிலிருந்து நாளைக்கு என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. நான், "போடலாம், ரெண்டு பலகையாவே போடலாம்" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில் மச்சானிடம் போய் என் இரட்டைப் பூட்டைப் பற்றிப் பெருமையடித்தேன். அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றுவிட்டது.

"நேர்ந்து விட்டதுன்னா சொன்னீங்க?"

"ஆமா மச்சான். எப்படி என் யோசனை?"

"மாப்ளே, நான் தோட்டத்துல பொறந்து வளந்தவன். நேர்ந்து விட்ட கெடாவைத் திருவிழாக் கடைசி நாள் என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அது மட்டும் அந்த நிமிடம்வரை என் நினைவுக்கு வரவில்லை.

"அது கெடா" என்றேன்.

"கோழியையும்தான்."

"இது எலி, மச்சான்."

"கொண்டுபோய்க் குடுத்தது நீங்க, கயிறு கட்டுனது நீங்க. எலியா கெடாவான்னு கத்தி நின்னு பாக்குமா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரு திங்காம இருக்கணும்னு நேரா பலிபீடத்துலயே கொண்டு கட்டிட்டு வந்திருக்கீங்களே!"

ஜன்னல் வழியே பார்த்தேன். என் மனைவி வாசலில் அண்ணியோடு கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் போட்ட பூட்டின் சாவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை அவளிடம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதாகச் சொன்னேன்.

"எந்த ஆளு?"

"பஸ்காரரு."

"இன்னைக்கு பஸ் இல்லையே."

"நேத்தே சொல்லிட்டுப் போனாரு."

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயில்."

"வெயிலு இன்னும் வரலைங்க."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். நீ அண்ணனோடு குறித்த நாளில் வந்துவிடு என்று சொல்லிவிட்டு, மச்சானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன்.

அந்தச் சைக்கிளுக்கு டயர் இல்லை. டயர் எங்கே கிடைக்கும்? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கம்பியால் கட்டியிருந்தார் மச்சான். கம்பி முடிச்சு தரையில் படும்போதெல்லாம் ஒரு குதி. மூவார் ஆற்றங்கரையிலிருந்து மலாக்காவரை நான் குதித்துக்கொண்டே போனேன். உதட்டில் 'தாயே, தாயே' என்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மனிடமிருந்தே திருடப்போகிறேன், அவளையே துணைக்குக் கூப்பிடுகிறேன். எனக்குக் கூச்சம் என்பதே இல்லை என்று அன்று தெரிந்தது.

செமாபோக் தாண்டி ஒரு காவல் சாவடி. சைக்கிளை விட்டு இறங்கிக் குனிய வேண்டும். நான் இறங்கினேன், ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. அது குதித்துக்கொண்டே காவல்காரனின் காலடியில் போய் விழுந்தது. அவன் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திரும்பும் நாள் இன்னும் வரவில்லையே என்று விரலால் நாளைக் காட்டினான். என்ன சொல்வது? சீமை எலியை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு அலுவலகத்து மொழி வகுப்பில் சொல்லித்தரவில்லை. கையால் கழுத்தை அறுக்கிற மாதிரி காட்டினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்தானோ, சைக்கிளை எட்டி உதைத்துப் போகச் சொன்னான். கன்னம் வலித்திருக்க வேண்டும். வலித்ததாக நினைவில்லை.

மதியம் தாண்டி அக்கா வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டேன். கோயில் பக்கம் மேளம் கேட்டது. அக்கா பின்வாசலில் குந்தியிருந்தார். கையில் பாராங், அவர்கள் தென்னை மட்டை வெட்டும் பெரிய கத்தி. ஓங்கினார்.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழி இருந்திருந்தால் பறந்திருக்கும்.

அவர் சர்க்கரைவள்ளிக் கொடியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

கூண்டு வீட்டுக்குள் சாமி மாடத்துக்குக் கீழே இருந்தது. கழுவித் துடைத்து, மூலையில் செம்பருத்தி வைத்திருந்தது. இரண்டும் இருந்தன. பெருத்திருந்தன. வெள்ளையின் மஞ்சள் கயிறு கழுத்துச் சதையில் புதைந்து கிடந்தது. பக்கத்தில் மூன்று பெண்களும் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளியை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். மூவரின் தோள்பட்டை எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. கொடியில் தளிராக இருந்த இலையை எல்லாம் கூண்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, முற்றின இலையை அக்கா சட்டியில் போடுவதை நான் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அதைப் பார்த்து என்ன தோன்ற வேண்டுமோ அது எனக்குத் தோன்ற ரொம்ப நாள் ஆயிற்று.

"வெட்டமாட்டீங்களே?" என்றேன்.

"எதை?"

"கடைசி நாள்ல... நேர்ந்து விட்டதை..."

"சீ! எங்க வீட்டுல அந்த வழக்கம் இல்ல. அம்மனுக்குன்னு உயிரோட வந்தது, தானா போறவரைக்கும் இருக்கும்."

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பெண்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "சரி அக்கா, ரொம்ப நன்றி. முன்னாடியே வந்துட்டேன். எடுத்துட்டுப் போறேன்" என்று கூண்டின் கைப்பிடியில் கை வைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"தா போலே, கிராணி" என்றார். முடியாது என்று அர்த்தம். "அம்மனுக்குக் குடுத்ததை நீ எப்படித் திருப்பி எடுப்ப? நான் எப்படித் திருப்பிக் குடுப்பேன்?"

பிறகு அவர் தன் காப்பைக் காட்டிச் சொன்னார். போன வருடம் அவர் புருஷனை வடக்கே தண்டவாளம் போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் என்றார்கள். இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அதற்காகத்தான் இந்த வருடம் காப்பு.

"நான் ஒரு உயிர் கேட்டேன் லா. காப்பு கட்டுன மறுநாளு, மஞ்சக் கயித்தோட ரெண்டு உயிர் வாசல்ல வந்து நிக்குது. நீ கொண்டுவந்தேன்னு நெனைக்கிறியா? அவ குடுத்தனுப்புனா. அதுங்க இந்த வீட்டுல இருக்கறவரைக்கும் அவரும் எங்கயோ இருக்காரு. எனக்குத் தெரியும்."

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

அது பொய் அக்கா, கயிறு என் சமையலறை மஞ்சள், நீங்கள் தின்றுவிடுவீர்கள் என்று பயந்து கட்டினேன். இதைச் சொன்னால் கூண்டு என் கைக்கு வந்துவிடும். என் மனைவி கேட்டது கேட்டபடி கிடைத்துவிடும். சொல்ல வாயைத் திறந்தேன். கடைக்குட்டிப் பெண் தன் கிழங்கில் ஒரு துண்டு பிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழுப்பின் வாயில் வைத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க அக்கா" என்றேன். "எனக்கு."

மனைவி வருவதற்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் செய்த காரியங்களை முழுக்கச் சொல்ல மாட்டேன். என் சொந்த எலிகளைத் திருடுவதற்காக ஒரு வேலியோரம் மூன்று தடவை போய் நின்றேன், மூன்று தடவையும் அந்த வீட்டுப் பெண்கள் "மாமா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள் என்பது போதும். மூன்றாம் தடவை உள்ளே போய்க் கூண்டைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். எஜமானனிடமிருந்து தப்பி வந்து நிம்மதியாக இருப்பவைபோல அவை என்னைப் பார்த்தன.

மனைவியும் மச்சானும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அவள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. மச்சான் மூட்டையோடு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். ஒரு ஜோக்கோடு ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கயிறு, பொய், அக்கா, அக்காவின் புருஷன்.

"ரெண்டும் உயிரோட இருக்குதா?"

"இருக்குது. நம்மை விட நல்லா இருக்குது."

"ஆனா வராது."

"கேட்டா, நான் பொய் சொன்னேன்னு சொல்லணும்."

அவள் நின்றுவிட்டாள். சாலையில் ஒரு மாட்டுவண்டி எங்களைக் கடந்து போகும்வரை நின்றாள்.

"சாமி பேரைச் சொல்லி, புருஷனைப் பறிகுடுத்த பொம்பளைக்கிட்ட கொண்டுபோய் வச்சீங்களே, உங்களுக்கு மண்டையில என்னதான் இருக்குது?"

ஒன்றரை வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

அவள் வீட்டுக்கு வரவில்லை. நேராக அக்கா வீட்டுக்கு நடந்தாள். நான் நாலு அடி பின்னால் போனேன். திருவிழா முடிந்து வாசல் வேப்பிலை வாடியிருந்தது. இவள் குரல் கேட்டதும் உள்ளே இரண்டும் கீச்சிட ஆரம்பித்தன. இவள் கேட்டுக்கொள்ளாமலே உள்ளே போய்க் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பதறிப்போய் மாடத்தருகே வந்து நின்றார்.

"உன்னுடையதா?" என்று மலாயில் கேட்டார்.

என் மனைவிக்கு மலாய் கடைத்தெரு மலாய்தான். மீன் வாங்கவும் பேரம் பேசவும் போதும். தேடித் தேடிச் சொன்னாள்.

"என் மகனோடது."

"மகன் எங்கே?"

நான் வாசல்படியில் நின்றிருந்தேன். முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதில்தான் நான் கெட்டிக்காரன்.

"சூடா மாத்தி" என்றாள். செத்துவிட்டான்.

தமிழில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கூண்டைப் பார்த்துக்கொண்டு, மீன் விலை சொல்வதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு தடவை சொன்னாள்.

அக்கா குனிந்து கூண்டை இரண்டு கையாலும் தூக்கி இவள் மடிக்கு முன்னால் நகர்த்தினார்.

"எடுத்துக்கோ. நான் அம்மன்கிட்ட சொல்லிக்கிறேன்."

என் மனைவி கூண்டைத் திருப்பி மாடத்துக்குக் கீழே தள்ளினாள். "இங்கயே இருக்கட்டும், அக்கா. உங்க வீட்டுக்காரர் வரட்டும்" என்றாள். அதற்கு அவளுக்கு மலாய் பாதிதான் வந்தது. மீதியைக் கையால் சொன்னாள். காலையில் வந்து புல் போடலாமா என்று கேட்டாள். நான் செய்த காரியத்தைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து புல்லை அறுத்து எடுத்துக்கொண்டு அவள் அங்கே போய்விடுவாள். கீரையோ கிழங்கோ வீட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு போவது எனக்குத் தெரியும். கேட்கவில்லை. காலைப் பசியாறலை நானே பார்த்துக்கொள்ளப் பழகினேன். ஜப்பான்காரன் போனான். வடக்கே போனவர்களில் சிலர் எலும்பாகத் திரும்பி வந்தார்கள். அக்காவின் புருஷன் வரவில்லை. வெள்ளை அதற்கு முன்பே செத்துவிட்டது. பழுப்பு அந்த வருட மழைக்காலத்தில் செத்தது. அக்கா அதற்காக அழுததாகச் சொன்னார்கள். காப்பு மட்டும் வருடா வருடம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

கூண்டு இல்லாமல் போன பிறகும் என் மனைவி காலையில் அங்கே போவதை நிறுத்தவில்லை. மலாய் இப்போது சரளமாகப் பேசுகிறாள். இவள் அங்கே உட்கார்ந்து மகனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறாள் என்று அக்காவின் மூத்த பெண் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அவனுக்கு எந்தப் பல் முதலில் விழுந்தது, எதைக் கண்டால் பயம் என்பதெல்லாம் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். எனக்கு அந்தப் பல் விஷயம் தெரியாது. வீட்டுக்கு வந்தால் என்னிடம், "சாப்பிடுங்க" என்கிறாள். முன்பைவிட நல்ல முகத்தோடுதான் சொல்கிறாள். நானும் சாப்பிடுகிறேன். எந்தப் பல் என்று கேட்க வேண்டும் என்று தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் நினைக்கிறேன். அதற்குள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறேன்.